பெரியவர்களுக்கு தாடை அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை



"அல்லாஹ் கொடுத்த முகத்தை மாற்றலாமா?" தாடை சீரமைப்பு அறுவை சிகிச்சை என்ற பேச்சு எழுந்ததும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி இதுதான். இதற்குப் பதில் தேடும் முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: இந்தத் தாடையால் எந்த வேலை நடக்கவில்லை?

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வளர்ந்திருந்தால் முன்பற்களால் பரோட்டாவைக்கூடக் கடித்துப் பிய்க்க முடியாது. சிலருக்கு உச்சரிப்பு தடுமாறும், உதடு மூடாமல் வாய் வறண்டுபோகும். கீழ்த்தாடை மிகவும் உள்வாங்கியிருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடவும் வாய்ப்புண்டு. பல் மட்டும் கோணலாக இருந்தால் கிளிப் போட்டுச் சரிசெய்யலாம். எலும்பே பொருந்தாதபோது, வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்குக் கிளிப் மட்டும் போதாது. அதனால்தான் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் 18 வயதையொட்டியோ அதற்குப் பிறகோ செய்யப்படுகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள், அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தால் மூக்கு செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், திர்மிதியில் வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்றிருந்தும் தேவை கருதி அது அனுமதிக்கப்பட்டது.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007இல் மலேசியாவின் புத்ரஜயாவில் கூடியபோது இது குறித்துத் தீர்மானம் எடுத்தது. உறுப்பின் செயல்பாட்டை மீட்கவும், உடலுக்கோ மனதுக்கோ பாதிப்பு தரும் பிறவிக் குறையைச் சரிசெய்யவும் அறுவை சிகிச்சை ஆகும். இயல்பான தோற்றத்தை வெறும் ஆசைக்காக மாற்றுவது ஆகாது. உங்கள் நிலை இதில் எது என்பதை மருத்துவ அறிக்கையைக் காட்டி ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

முதலில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கிளிப். இக்காலத்தில் பற்கள் எலும்புக்கு ஏற்ப நிமிர்வதால் கடி முன்பைவிட மோசமாகத் தெரியும். பலர் பயந்து பாதியில் நிறுத்துவது இங்கேதான். ஆனால் அது சிகிச்சையின் ஒரு கட்டமே. அடுத்து முழு மயக்கத்தில் அறுவை. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறி, எலும்பை வெட்டி நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். கீழ்த்தாடையை இவ்வாறு பிளந்து நகர்த்தும் முறையை ஒப்வெகேசர் என்ற மருத்துவர் 1950களில் உருவாக்கினார். அறுவைக்குப் பின்னும் சில மாதங்கள் கிளிப் இருக்கும். மொத்தத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம்.

முதல் சில நாட்கள் முகம் நன்றாக வீங்கும். சில வாரங்களுக்குக் கஞ்சி, சூப், ஜூஸ், பிறகு மென்மையான உணவு. வடிகட்டிய நோன்புக் கஞ்சி இங்கே கைகொடுக்கும். கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது சகஜம். பெரும்பாலோருக்கு மாதங்களில் குறையும், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடும். தொற்று, தாடை பழைய இடத்தை நோக்கி நகர்தல் ஆகியவையும் நேரலாம். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதமாகும்.

ரமளானையொட்டித் தேதி குறிக்காமலிருப்பது நல்லது. நோயாளி நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்று குர்ஆன் (2:184) சலுகை தருகிறது. உளூவில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தே. ஹனஃபியில் குளிப்புக் கடமைக்கு அது ஃபர்ள் என்பதால், கொப்பளிக்க முடியாத நாட்களுக்கான சட்டத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து ஸஜ்தா செய்யலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கே செல்வது?

திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடிக் குடும்பங்களுக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் சென்று அடையும் தூரத்தில், கோட்டை ரயில் நிலையம் அருகே 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் தனியார் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. கிளிப் மருத்துவரும் தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து திட்டமிடும் இடமாகப் பாருங்கள். இரண்டாவது கருத்தும் கேளுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், 'அழகு சிகிச்சை' என்று நிராகரிக்கப்படாதிருக்க, செயல்பாட்டுக் குறையை எழுத்தில் பெற்று முன்அனுமதி கோருங்கள். மாதாமாதம் வர வேண்டியிருக்கும். ஷிஃப்டில் வேலை செய்பவர்கள் அறுவைக்குப் பின் சில வாரங்கள் விடுப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். "பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் சரிசெய்துவிடலாம்" என்று அவசரப்படுத்தாதீர்கள். நிக்காஹ் தேதியை வைத்து எலும்பு ஆறாது. "இந்த முகத்துக்கு என்ன குறை" என்று கூறி, சாப்பிட முடியாமல் தவிப்பவரைத் தடுத்தும் விடாதீர்கள். கத்தியும் மரப்பும் வாரக்கணக்கான கஞ்சியும் அவருடையவை. எனவே ஆலோசனை குடும்பத்தினுடையது, முடிவு அவருடையது. வேண்டாம் என்று தீர்மானிப்பதும் சரியான முடிவாக இருக்கலாம்.

இஸ்திகாரா தொழுது, விவரங்களைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.