உல்லாசப் படகுகளின் காப்பு

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்குப் பெரியாற்று நீரென்றவுடன் வாய்க்காலும் வயலுமே முதலில் நினைவுக்கு வரும். 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் கட்டிமுடித்த அணையினாலன்றோ மேற்கே ஓடிய ஆறு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாய் நம் பக்கம் திரும்பிற்று! எனினும் அவ்வணையால் மலைமேல் உண்டான ஏரி வேறொரு வகையிலும் மக்களை ஈர்க்கலாயிற்று. குமுளியைக் கடந்து தேக்கடிக்குச் சென்று படகேறி, நீருண்ண வரும் யானைகளையும் காட்டெருமைகளையும் கண்டு வருதல் விடுமுறைக்கால வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தில் மறைந்துள்ள ஆபத்தையும், அதனை விலக்கும் வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, அவ்வேரியில் ஜலகன்னியகா என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது பழம்படகன்று; சில வாரங்களுக்கு முன்னரே நீரில் இறக்கப்பட்ட புதுப்படகு. அன்று புயலுமில்லை, பெருவெள்ளமுமில்லை. விலங்குகளைக் காணும் ஆவலால் பலர் ஒரு பக்கமாய்க் கூடினர் என்று அந்நாளைச் செய்திகள் கூறின. பின்னர் நிகழ்ந்த விசாரணையில் படகின் அமைப்பும், மேல்தளத்திலிருந்தோர் தொகையும் பெரிதும் ஆராயப்பட்டன. புதிய யந்திரமும் பளபளக்கும் வண்ணமும் படகின் நலத்திற்குச் சான்றாகா என்பது இதனால் விளங்கும்.

படகு நிமிர்ந்து நிற்பது எதனால்? நம் சாலைகளில் செல்லும் வண்டிகளை நோக்குவோம். நெல்மூட்டைகளைத் தாழ அடுக்கிய வண்டி மேடுபள்ளங்களில் ஆடினும் சாய்வதில்லை. வைக்கோலை வானளாவ ஏற்றிய வண்டியோ எடை குறைந்ததாயினும் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியவுடன் குடைசாய்கின்றது. பாரம் எவ்வளவு என்பதினும் பாரம் எங்கே உள்ளது என்பதே முக்கியம். படகிலும் இவ்வாறே. கீழ்த்தளத்தில் அமர்ந்திருப்போர் படகுக்கு நிலைப்பைத் தருகின்றனர். அவர்களே மேல்தளத்திற்கு ஏறின் அந்நிலைப்பை எடுத்துக்கொண்டு போகின்றனர். 30 பேர் எழுந்து ஒரு பக்கம் ஓடுவாராயின், ஆளுக்கு 60 கிலோ என்று கொண்டாலும் 1,800 கிலோ, அதாவது 75 கிலோ நெல்மூட்டைகள் 24, ஒரே கணத்தில் இடம் மாறியதாகும். அவ்வேளையில் படகோட்டி படகை விரைந்து திருப்புவானாயின் சாய்வு இன்னும் மிகும்.

ஆகவே படகுடையார் கரையிலிருக்கும்போதே ஆட்களை எண்ணுதல் வேண்டும். குழந்தைகளையும் விடாது எண்ணுதல் வேண்டும். மேல்தளத்திற்கெனத் தனித்தொகை வகுத்து, அதனை ஏணியருகே எழுதி வைத்தல் நலம். யானை எந்தக் கரையில் தோன்றினும் எவரும் எழலாகாது என்று புறப்படுமுன் உரத்துச் சொல்லுதல் வேண்டும். இன்னும் இருவரை ஏற்றிக்கொள்ளுமாறு கெஞ்சுவோர்க்கு மறுப்புச் சொல்லக் கூசும் படகோட்டி, நல்ல மனிதனாயிருக்கலாம், நல்ல படகோட்டியாகான். இதே பெரியாறு மேற்கே ஓடும் தட்டேக்காட்டில் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய படகு மூழ்கியதால் 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தனர் என்பதைக் கல்லூரி மாணவராகிய நாம் மறத்தற்கில்லை.

படகில் பின்னர்ச் செய்யும் மாற்றங்களும் ஐயத்திற்குரியன. வெயிலுக்கென ஒரு கூரை, அதன்மேல் நான்கு நாற்காலி, பக்கங்களில் ஏறுவதற்குப் படி என்று சேர்த்துக்கொண்டே போனால் அது பழைய படகாயிராது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 உயிர்களைக் கொண்ட படகு, மீன்பிடி படகை உல்லாசப் படகாய் மாற்றியமைத்ததே என்று கூறப்பட்டது. மாற்றம் செய்தவர் மறுபடியும் அதிகாரியைக் கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலச் சட்டமும் யந்திரக் கலங்களுக்குச் சோதனையையும் பதிவையும் விதிக்கின்றது.

இனிப் பராமரிப்பு. படகின் அடியில் தேங்கும் நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 12 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள தட்டையான அடிப்பகுதியில் 3 அங்குல நீர் நிற்குமாயின் அது ஏறத்தாழ 340 கிலோ. அதனினும் கொடியது அந்நீர் அசைவது. தாம்பாளத்தில் நீரை ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே நீர் முழுதும் ஓடி, சாய்வைப் பெருக்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அடிநீரை இறைத்து, வடிதுளையின் அடைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். மரப்படகைக் கோடையில் நெடுநாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் வாய்திறக்கும், நிழலே ஏற்றது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் படகின் அடியில் தங்கிவிடும். எனவே எண்ணெய் நிரப்பிய பின் மூடிகளைத் திறந்து காற்றோடவிட்டு, மணம் நீங்கிய பின்னரே யந்திரத்தை இயக்குக.

பெரியாற்று ஏரிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அணை நிரம்பியபோது மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் நூற்றாண்டு கடந்தும் நீரில் நிற்கின்றன. காண்பதற்கு அழகே, சித்திரக்காரர் விரும்புவர். ஆனால் 1979-க்குப் பின் 136 அடியில் நிறுத்தப்பட்ட நீர்மட்டம் 2014-ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் 142 அடி வரை உயரலாயிற்று. மழைக்கும் பாசனத்திற்கும் தக்கவாறு அது ஏறியிறங்க, ஒரு மாதம் தலைகாட்டிய அடிமரம் மறுமாதம் அரையடி நீருக்குக் கீழ் ஒளிந்துகொள்ளும். நேற்று சென்ற வழிதானே என்று விரைதல் தகாது. அன்றன்றைய நீர்மட்டத்தை அறிந்து வழி வகுத்தல் வேண்டும்.

மிதவைச் சட்டையைக் குறித்துச் சிறிது கூறி முடிப்போம். இருக்கையின் கீழ்க் கட்டிவைத்த சட்டை எவரையும் காத்ததில்லை. கவிழும் படகில் அதனைத் தேடி அணிய நேரமிராது. அணிந்தாலும் வார்களை இறுக்காவிடில் நீரில் விழுந்தவுடன் தலைவழியே கழன்றுவிடும். குழந்தைக்குப் பெரியவர் சட்டை உதவாது. அடைத்த சன்னல்களுள்ள கீழ்த்தளமாயின் வேறொரு சங்கடமுண்டு: படகு கவிழ்ந்தால் சட்டை ஆளைக் கூரையோடு சேர்த்து அழுத்தி, மூழ்கி வெளியேற விடாது. அத்தகைய படகில் சன்னல்கள் அகலத் திறந்திருத்தல் வேண்டும். ஏறுவோரும் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்டே அமர்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு சட்டையையும் ஆளுக்கு அணிவித்து, கரையோரம் மார்பளவு நீரில் இறக்கிச் சோதித்து, தாங்காதவற்றைக் கிழித்தெறிக. கிழிக்காது மூலையிற் போட்டால், கூட்டம் மிகுந்த நாளில் யாரேனும் அதனையே எடுத்து ஒரு குழந்தைக்குப் பூட்டிவிடுவர்.