பழைய போன் வாங்குறீங்களா? 15 எண்ணைப் பாருங்க!

சென்னை ரிச்சி தெருவில் பழைய செல்போன் வாங்க வருகிறவர்கள் கீறல் உண்டா, கேமரா தெளிவா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். திருட்டுப் போனா என்று யார் பார்க்கிறார்கள்?

போனைப் பறிகொடுத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலுடன் சி.இ.ஐ.ஆரில் பதிந்தால் போன் முடக்கப்படும். 2023 மே மாதம் இது நாடு முழுவதும் வந்தது. அப்புறம் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் சிக்னல் வராது. காசு கொடுத்து வாங்கியவர் பாடு திண்டாட்டம்! போலீஸ் தேடி வருவதும் அவர் வீட்டுக்குத்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். போனில் ஸ்டார், ஹேஷ், 0, 6, ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். "பிளாக் லிஸ்ட்", "டூப்ளிகேட்" என்று பதில் வந்தால் தொடவே கூடாது.

பில்லிலும் அட்டைப் பெட்டியிலும் அதே எண்தானா என்றும் பார்க்க வேண்டும். "பில் தொலைஞ்சு போச்சு சார், ஐநூறு குறைச்சுக் கொடுங்க" என்றால்? நடையைக் கட்டுவதே லாபம்!