ரத்தப் பரிசோதனை சீட்டைப் படிப்போமா?



சில மாதங்களுக்கு முன் காசிமேட்டில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மீன் வியாபாரம் செய்யும் ஒரு அக்கா சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். "கிறுகிறுன்னு வருது தங்கச்சி, கூடையைத் தூக்கினா மூச்சு வாங்குது. வயசாயிடுச்சு இல்ல?" என்றார். அவர் வயது 41தான்!

பையில் ஒரு ரத்தப் பரிசோதனை சீட்டு இருந்தது. எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "சுகர் இல்லைன்னாங்க, அதோட மடிச்சு வெச்சுட்டேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.6!

அசல், வட்டி, பாக்கி என்று கணக்கு நோட்டில் விரல் வைத்துப் பார்க்கிறோம். நம் உடம்புக் கணக்கையும் அப்படிப் பார்க்க வேண்டாமா?

சி.பி.சி. பரிசோதனை என்றால் என்ன?

கை நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணிச் சொல்வதுதான் இது. இதற்கு மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை.

1. வெள்ளை அணுக்கள்: கிருமியோடு சண்டை போடும் காவல்காரர்கள். 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். கூடினால் எங்காவது கிருமித் தொற்று இருக்கலாம்.

2. தட்டணுக்கள் (பிளேட்லெட்): காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பவை. 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். டெங்குவில் இது குறையும்.

3. ஹீமோகுளோபின்: சிவப்பு அணுக்களில் இருப்பது. மூச்சில் வரும் ஆக்சிஜனை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. எண்ணூர் ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி குறைந்தால் சரக்கு போய்ச் சேராது. அதனால்தான் அசதி, மயக்கம், படபடப்பு.

எவ்வளவு இருக்க வேண்டும்?

பெண்களுக்கு 12க்கு மேல், கர்ப்பிணிகளுக்கு 11க்கு மேல். 8க்குக் கீழ் போனால் கடுமையான ரத்தசோகை; தள்ளிப் போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் 11க்குக் குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால், "ஹீமோகுளோபின் எவ்வளவு? வட்டம் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பத்துப் பேர் உள்ள குழுவில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஏன் குறைகிறது?

அதிக மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், வயிற்றுப்பூச்சி, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது எனப் பல காரணங்கள் உண்டு. எண் குறைவு என்று சீட்டு சொல்லும். காரணத்தை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.
* மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.
* சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகாது. டாக்டர் சொல்லும் வரை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும்.
* சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன், சுவரொட்டி சாப்பிடுங்கள். ஆனால் கடுமையான ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டும் போதாது.

அந்த அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு இருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். "வயசுன்னு நெனச்சு சும்மா இருந்துட்டேனே" என்கிறார்.

சகோதரிகளே, பாஸ்புக் வைக்கும் பையிலேயே பரிசோதனை சீட்டுகளையும் தேதி வாரியாக வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாருங்கள்!