ஸ்டெம் செல் ஊசி: காசு கேட்டால் கேள்வி கேளுங்கள்

கறம்பக்குடியிலிருந்து பிரசவத்துக்காகத் தஞ்சாவூருக்கோ பட்டுக்கோட்டைக்கோ போகிற குடும்பத்தின் கையில் ஏழாம் மாதவாக்கில் ஒரு வண்ணக் கையேடு வந்து சேரலாம். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைத்தால் பிற்காலத்தில் எந்த நோய்க்கும் அதுவே மருந்து என்பார்கள். கட்டணம் பல பத்தாயிரம் ரூபாய், தவணையும் உண்டு.

அந்த ரத்தத்தில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. ‘எந்த நோய்க்கும்’ என்பதுதான் பொய். தலசீமியா என்ற ரத்த நோய் பரம்பரைக் கோளாறு. அந்தக் குழந்தையின் சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். பிறகு எப்படி அதுவே மருந்தாகும்? சேமித்தது அதே குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு 2,500 பேரில் ஒருவருக்கு என்பதிலிருந்து 2 லட்சம் பேரில் ஒருவருக்கு என்பது வரைதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அப்படிப்பட்ட ரத்த நோய் இருந்தால் மட்டும் பேச்சு வேறு; அப்போது சேமிப்பதில் பொருள் உண்டு. பல் கூழ், தொப்புள்கொடித் திசு ஆகியவற்றைக் காசுக்குச் சேமிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில் இடமே இல்லை.

இதைவிடக் கொடுமையானது ஊசி வியாபாரம். ஆட்டிசம், மூட்டுத் தேய்மானம், சர்க்கரை, பக்கவாதம் என எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி விளம்பரமாகிறது. அதே வழிகாட்டுதல்படி ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று சிகிச்சையே நிரூபணமானது. மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரப்படுத்துவது மருத்துவ ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. பிள்ளை ஒரு வார்த்தை பேசிவிடாதா என்று நிலத்தை அடகு வைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏக்கத்துக்கு விலை போடுகிறவர்கள்தான் குற்றவாளிகள்.

ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஊசிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நிரூபிக்கப்பட்ட சிகிச்சைக்குத்தான் கட்டணம். ‘இது ஆய்வா, சிகிச்சையா?’ என்று முதலில் கேளுங்கள். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள். பதிவு எண் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்ணில் கொழுப்பு ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்த செய்தி 2017-இல் வெளியானது. அந்தத் திட்டமும் அந்நாட்டின் ஆய்வுப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் தலா 5,000 டாலர் வாங்கியிருந்தார்கள்.

ஒழுங்கான ஆய்வு எப்படியிருக்கும் என்பதற்கு வேலூர் சி.எம்.சி. உதாரணம். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய ஆய்வின் முடிவுகள் 2024-இல் மருத்துவ இதழில் வெளியாயின. ஐந்தே பேர், அதையும் உலகம் சரிபார்க்கும்படி எழுதிவைத்தார்கள்.

ஸ்டெம் செல்லைக் கருவிலிருந்தும் எடுக்கிறார்கள்; அது பற்றிய அறக் கேள்வி 1998 முதல் ஓயவில்லை, ஏனென்றால் எடுக்கும்போது கரு அழிகிறது. ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்க நம் நாட்டில் தடை. சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளுக்கு இந்த அறக் கேள்வி நேரடியாக உறைக்கும் விஷயம். அந்தச் சிகிச்சைக்கான 2021 சட்டப்படி மிஞ்சிய கருவைப் பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாம்; அதன்பின் அதை ஆய்வுக்குக் கொடுக்க உங்கள் சம்மதம் தேவை. கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, கையெழுத்திட்ட படிவம் எதையும் தூக்கிப்போடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. மருத்துவர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு. சர்க்கரை, பக்கவாதம் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே மருந்து விளம்பரங்கள் பற்றிய 1954 சட்டப்படி குற்றம். முறையான ஆய்வில் பாதிப்பு வந்தால் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகள்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் உரிமை. விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.