தெலங்கானாவில் எளிய தெலுங்குப் பாடநூல்: பிற மொழி மாணவர்களுக்கு என்ன பயன்?

ஹைதராபாத்: செகந்திராபாத்தை ஒட்டிய மெட்டுகுடா, ரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பகுதி. செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1966-ஆம் ஆண்டு தென் மத்திய ரயில்வே தொடங்கப்பட்டது. பணியிட மாற்றத்தில் இத்தகைய பகுதிகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, பள்ளியில் முதலில் எதிர்ப்படும் சிக்கல் தெலுங்குப் பாடமாகும்.

மாநிலத்தின் அனைத்துப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயமாக்கும் சட்டம் 2018-இல் இயற்றப்பட்டது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் 'சிங்கிடி' என்னும் பாடநூல், வீட்டில் தெலுங்கு பேசும் மாணவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இதனால் அப்பள்ளிகளில் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு 'வென்னெல' என்ற எளிய நூலைப் பயன்படுத்த 2025 பிப்ரவரியில் மாநில அரசு உத்தரவிட்டது.

வென்னெல என்றால் நிலவொளி. வெண்ணிலவை அறிந்த தமிழ் மாணவருக்கு நூலின் தலைப்பே பாதி புரிந்துவிடும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

மாணவரின் மொழியையும் பண்பாட்டையும் குறையாகக் கருதாமல், கற்றலின் தொடக்கப் புள்ளியாகக் கொள்வதே 'பண்பாடு சார்ந்த கற்பித்தல்'. அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995-இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தார். கறுப்பின மாணவர்களைச் சிறப்பாகப் பயிற்றுவித்த ஆசிரியர்களின் வகுப்பறைகளை ஆராய்ந்தே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

தெலுங்கு வகுப்பில் இது எவ்வாறு அமையும்? பால் தெலுங்கில் 'பாலு', ஊர் 'ஊரு', மூன்று 'மூடு', ஏழு 'ஏடு'. இத்தகைய சொற்களிலிருந்து தொடங்கினால் தமிழ் மாணவருக்கு அச்சம் குறையும். எழுத்து வேறு கதை. தமிழில் 'க' ஒன்றே. தெலுங்கில் அதன் இடத்தில் 4 எழுத்துகள் உள்ளன. ஒலி வேறுபாட்டைக் காதால் பிரித்தறியப் பழகாத மாணவர் எழுதும்போது தடுமாறுவதை, கவனக்குறைவு என மதிப்பெண் குறைத்துக் கடந்துவிடுவது எளிது. காரணத்தை அறிந்த ஆசிரியரோ ஒலிப்பயிற்சி அளிப்பார்.

பண்டிகைகளும் உதவும். தெலங்கானாவின் பதுக்கம்மா மலர் அடுக்கில் இடம்பெறும் 'தங்கேடு', தமிழர் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூவேயாகும்.

முன்னோடி முயற்சிகள்

இம்மண்ணுக்கு இது புதிதல்ல. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 2004-ஆம் ஆண்டு வாக்கில் கோண்டி, கோயா, கொலாமி, சவரா, பஞ்சாரா உள்ளிட்ட 8 மொழிகளில் பழங்குடியினப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி அளிக்கப்பட்டது. அம்மொழிகளைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டு, பின்னர் படிப்படியாகத் தெலுங்குக்கு அழைத்துச் சென்றனர். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அவர்களின் மொழி அறிந்த தன்னார்வலர்கள் துணையுடன் மலையாளம் கற்பிக்கப்பட்டது.

இவ்விரு முயற்சிகளிலும் பிள்ளையின் வீட்டு மொழி வகுப்பறைக்குள் வந்தது. 'வென்னெல' தருவது எளிய நூலை மட்டுமே. தமிழோ மலையாளமோ அறிந்த ஆசிரியர் கிடைப்பது அந்தந்தப் பள்ளியைப் பொறுத்தது.

உத்தரவின்படி, 9-ஆம் வகுப்புக்கு 2025-26 கல்வியாண்டிலும், 10-ஆம் வகுப்புக்கு 2026-27 கல்வியாண்டிலும் எளிய பாடநூல் நடைமுறைக்கு வருகிறது.