சுபாங் ஜெயா எல்ஆர்டி: நகருக்குப் போக இன்னொரு வழி கிடைக்குமா?

சுபாங் ஜெயாவில் ஏறி, எங்கும் மாறாமல் கேஎல்சிசியில் இறங்குகிறீர்களா? 2016-க்கு முன் அது முடியாது. 1998-இல் ஓடத் தொடங்கிய இந்த எல்ஆர்டி பாதை கிளானா ஜெயாவோடு நின்றிருந்தது. 2016 ஜூன் 30-இல்தான் 13 புதிய நிலையங்களுடன், 17.4 கிலோமீட்டர் கூடுதலாக, புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது.

வசதிதான். ஆனா ஒரு சிக்கலும் இருக்கு. ஓட்டுநர் இல்லாத இந்த ரயிலை ஓட்டுவது தானியங்கிக் கட்டுப்பாட்டு முறை. 2022 நவம்பரில் அது பழுதானபோது, கிளானா ஜெயா முதல் அம்பாங் பார்க் வரை 16 நிலையங்கள் சில நாள்கள் மூடப்பட்டன. சுபாங் ஜெயா நிலையம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ரயில் நகருக்குள் போகாவிட்டால், நிலையம் திறந்திருந்து என்ன பயன்? பக்கத்திலேயே கேடிஎம் இருப்பது ஆறுதல்.

இங்குதான் எல்ஆர்டி 3 முக்கியமாகிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளானின் ஜொஹான் செத்தியா வரை 37.8 கிலோமீட்டர். 2018-இல் செலவைக் குறைக்க 5 நிலையங்கள் கைவிடப்பட்டன. 2024 பட்ஜெட்டில் அவற்றுக்கு மீண்டும் பச்சைக்கொடி. உங்களுக்கு முக்கியமானது கிளென்மேரி. இரு பாதைகளும் அங்கே சந்திக்கின்றன. அங்கு மாறி, பண்டார் உத்தாமாவில் எம்ஆர்டி பிடித்தால், கிளானா ஜெயாவைத் தொடாமலே நகருக்குள் போய்விடலாம்.