கதவு திறந்த இரசாயன ஏடு

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தோர் ஒன்றை நன்கு அறிவர். வெட்டி எடுத்த பாலை வாளா விட்டால் புளித்துக் கட்டிவிடும். அம்மோனியா சேர்த்தால் கட்டாது நிற்கும். பார்மிக் அமிலம் சேர்த்தால் உறையும். இவை ஏன் நிகழ்கின்றன என்று ஆராயும் அறிஞர், தாம் கண்டதை ஆராய்ச்சி ஏடுகளில் எழுதுகின்றனர். அவ்வேடுகளைப் படிப்பவர் யார்? பெருஞ்சந்தா செலுத்தும் நூலகத்தை அணுக வல்லவரே நெடுங்காலம் படித்து வந்தனர். பத்தாங் காலித் தோட்டத்துப் பிள்ளைக்கு அக்கதவு சாத்தியே கிடந்தது.

இணையம் பரவியபின் நிலை மாறலாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் காசின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், பரப்பவும் இடமிருத்தல் வேண்டும் என்று 2002-இல் வெளியான புடாப்பெஸ்டு அறிக்கை வற்புறுத்தியது. இவ்வாறு நடைபெறுவதைத் ‘திறந்த ஏடு’ எனலாம்.

இலவச ஏட்டில் தரம் இருக்குமா என்று சிலர் ஐயுறுவர். தரத்தைக் காப்பது சந்தா அன்று. கட்டுரையை அச்சேறுமுன் சோதிக்கும் துறையறிஞரே காக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். ஆயினும் பதிப்பிக்கவும் பாதுகாக்கவும் பணம் வேண்டுமன்றோ? சில ஏடுகள் அதனை எழுதுவோரிடமே வாங்குகின்றன. வாசகனுக்குத் திறந்த கதவு, வசதியற்ற ஆராய்ச்சியாளனுக்கு அடைபட்டுவிடுகிறது.

இதற்கு வேறு வழியும் உண்டு. கரிம இரசாயனத்தின் பெருந்தொகுப்பு நூலைத் தொடங்கியவர் பைல்ஸ்டைன். அவர் பெயரால் 1951-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு நிறுவனம் தோன்றியது. 2005-இல் அந்நிறுவனம் கரிம இரசாயனத்திற்கென ஒரு திறந்த ஏட்டைத் தொடங்கிற்று. எழுதுவோர்க்கும் கட்டணம் இல்லை. படிப்போர்க்கும் கட்டணம் இல்லை. செலவு முழுவதும் நிறுவனத்துடையது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதெமியின் இரசாயன ஏட்டையும் அதன் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஆகவே, ஒரு சிறு துறைக்குப் புதிதாக ஏடு தொடங்குவோர் நான்கினை முதலில் உறுதி செய்தல் வேண்டும். ஏட்டின் எல்லை இன்னதெனத் தெளிதல் ஒன்று. நேர்மையான ஆசிரியர் குழு அமைத்தல் இரண்டு. பல்லாண்டு தாங்கும் பொருளாதரவு தேடல் மூன்று. ஏடு நின்றுபோனாலும் கட்டுரைகள் அழியாவண்ணம் பாதுகாக்க வழி செய்தல் நான்கு.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பைல்ஸ்டைன் ஏட்டின் கட்டுரைகள் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் உரிமத்தின்கீழ் வெளிவருகின்றன. மூல ஆசிரியர் பெயரையும் மூலத்தையும் உரிமத்தையும் சுட்டி, மொழிபெயர்ப்பென்று தெரிவித்தால், எவர் அனுமதியும் வேண்டாது அவற்றைத் தமிழாக்கலாம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இன்னும் தடையாக இருக்கும் இடங்களில், ஆண்டுக்கு ஒரு கட்டுரையின் சுருக்கத்தையேனும் ஆசிரியர்கள் கூடித் தமிழில் தருவார்களாயின், பாலில் அமிலம் ஏன் வேலை செய்கிறது என்று கேட்கும் மாணவனுக்கு அறிஞர் ஏட்டையே காட்டி விடை கூறலாம்.